கீசர் தண்ணீரில் ஊறிய மஞ்சள் வேர்

போன வாரம் பவித்ராவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நான் ஓய்வு பெற்றபின் கிளினிக்கில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் அவள். படத்துக்குக் கீழே ஒரு கேள்வி.

"அக்கா, கஷாய ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க. செவத்துல கண்ணாடிச் சட்டம் போட்டு ரெண்டு பழைய பேப்பர் தொங்குது. ஒண்ணு உங்க கையெழுத்து, இன்னொண்ணு சைனீஸ். இனிமே பாதிக்குமேல ரெடிமேட் பவுடர்தான் வரப்போகுதாம், காய்ச்சற வேலையே குறைஞ்சிடும். கழட்டித் தூரப் போட்டுரவா?"

படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. கையில் இருந்த டீயைக் குடிக்கவும் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பயன்? அந்த இரண்டு தாள்களும் எப்படிச் சுவருக்குப் போயின என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அவள் ஒருத்தி கேட்டாள், எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. ஊர் தூத்துக்குடி. பார்மசி டிப்ளமா முடித்து, ஊரில் இரண்டு மெடிக்கல் ஷாப்களில் நின்று, ஏஜெண்ட் ஒருவர் மூலம் துபாய் வந்து சேர்ந்தேன். 'மருந்தகத்தில் உதவியாளர்' என்றுதான் விசாவுக்கு முன்னால் சொன்னார்கள். மாத்திரை அட்டைகள் இருக்கும் என்று நினைத்துப் போன இடத்தில், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் வேர், பட்டை, விதை, காய்ந்த பூ. ஓர் இழுப்பறையைத் திறந்தால் சில்வண்டு கழற்றிப் போட்ட ஓடு. அம்மாடி, இதையா காய்ச்சப் போகிறோம் என்று மூடிவிட்டேன். அது சீன மருத்துவக் கிளினிக். தேரா பக்கம் ஒரு பழைய வில்லாவில் நடந்தது. எனக்கு வேலை கஷாய அறையில். சீட்டைப் பார்த்து எடை போடுவது, ஊற வைப்பது, காய்ச்சுவது, வடிப்பது, பையில் அடைப்பது.

அந்த அறையின் ராணி லியூ மேடம். தலைமை மருந்தாளுநர். என் தோள் உயரம்தான் இருப்பார். வெள்ளைக் கோட்டின் இடது பையில் சமையலறை டைமர் ஒன்று, வலது பையில் வெள்ளைப் பீங்கான் கரண்டி ஒன்று. காய்ச்சி இறக்கிய எந்தக் கஷாயமும் அந்தக் கரண்டியில் ஏறி அவர் நாக்கைத் தொடாமல் வெளியே போகாது. நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். திறந்ததும் "ஓகே" என்பார். நன்றாக இருந்தாலும் ஓகே, மிக நன்றாக இருந்தாலும் ஓகே. சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் பானையைத் தொட்டியில் கவிழ்த்துவிடுவார். நான் இத்தனை வருடம் அவரோடு வேலை பார்த்ததில் அவர் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தியதில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

பேச்சும் சிக்கனம். கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் இந்தி, இடையில் இரண்டு அரபிச் சொல். "ஜெசி, புதினா லாஸ்ட். ஃபைவ் மினிட். கலாஸ்." கலாஸ் என்றால் முடிந்தது. அவ்வளவுதான் பாடம். புதினாவின் வாசனை எண்ணெயில்தான் மருந்து இருக்கிறது, முதலிலேயே போட்டால் எண்ணெய் ஆவியோடு போய்விடும், நோயாளி வெறும் தழைச் சாற்றைக் குடிப்பார் என்பதையெல்லாம் நானே பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். சிப்பியும் கல்லும் முதலில் தனியாகக் கொதிக்க வேண்டும், எளிதில் இறங்காது. இரும்புச் சட்டி கூடவே கூடாது, துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து கஷாயம் மை மாதிரி கறுத்துவிடும். இதெல்லாம் முதல் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. அல்லது வந்துவிட்டதாக நினைத்தேன்.

அப்போதுதான் ரேவல்சின்னி எனக்குப் பாடம் புகட்டியது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அதே இனத்துக் கிழங்கு, சீனர்களும் நிறையப் பயன்படுத்துவார்கள். மலச்சிக்கலுக்கு வந்த சில சீட்டுகளில் அதைக் கடைசியில் போடச் சொல்லியிருந்ததைப் பார்த்திருந்தேன். ஆகவே எப்போதுமே கடைசியில்தான் போடுவது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். புஜைராவுக்கு டேங்கர் ஓட்டும் ராமநாதபுரத்து அண்ணன் ஒருவருக்கு வேறு கோளாறு. அவர் சீட்டில் ஒரு மணி நேரம் கொதிக்கவிடச் சொல்லிக் குறிப்பு இருந்தது. நான் அதைக் கண்டுகொள்ளாமல் கடைசிப் பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தேன். லியூ மேடம் அன்று விடுப்பு.

மறுநாள் போன் வந்தது. "தங்கச்சி, என்னத்தக் குடுத்தீக? புஜைரா ரோட்டுல ரெண்டு பக்கமும் மலை. ஒரு பாத்ரூம் கெடையாது. வண்டிய நிறுத்தி நிறுத்தி, இன்னும் ஊரு போய்ச் சேரல. பாறைக்குப் பாறை நம்ம பேருதான் எழுதிக் கெடக்கு!"

அண்ணன் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. லியூ மேடம் வந்ததும் அழாத குறையாக ஒப்புக்கொண்டேன். அவர் அடுப்பைப் பற்றவைத்தார். ஒரே கிழங்கிலிருந்து ஒரே எடையில் இரண்டு பங்கு எடுத்து இரண்டு பானையில் போட்டார். ஒன்று பத்து நிமிடம், மற்றது ஒரு மணி நேரம். இரண்டையும் வடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பீங்கான் கரண்டியை என்னிடம் நீட்டினார். நிறம் வேறு, மணம் வேறு, நாக்கில் படும் துவர்ப்பு வேறு. வயிற்றைக் கலக்கும் சரக்கு நெடுநேரக் கொதியில் உடைந்துபோய்விடுகிறது. மிஞ்சுவது சாதுவான வேறொரு மருந்து.

"சேம் ரூட், ஜெசி. டூ மெடிசின்" என்றார். அந்த இரண்டு பானைகளை நான் மறக்கவே இல்லை. பின்னால் என்னைக் காப்பாற்றியதும் அவைதான்.

பவித்ரா பவுடர் என்றாளே, அதற்கும் ஒரு சொல். மஞ்சள் நிற வேர் ஒன்று இருக்கிறது, நம் சமையல் மஞ்சள் இல்லை, சீனத்தில் ஹுவாங் சின் என்பார்கள். அதையும், எட்டிக்காய் தோற்றுப்போகும் கசப்புள்ள இன்னொரு வேரையும் ஒன்றாகக் கொதிக்க வைத்தால் கஷாயம் கலங்கி அடியில் மண்டி படியும். புதிதில் நான் அழுக்கென்று நினைத்து அதை வடித்து எறியப் பார்த்தேன். லியூ மேடம் கையைப் பிடித்துத் தடுத்தார். இரண்டு வேரின் சத்தும் கொதியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதால் உண்டானது அது, மருந்தே அதில்தான் பாதி இருக்கிறது, பையைக் குலுக்கிக் குடிக்கச் சொல்ல வேண்டும். தனித்தனியாகக் காய்ச்சிப் பொடியாக்கிப் பிறகு கலப்பதும், ஒரே பானையில் கூடிக் கொதிப்பதும் ஒன்றுதானா என்று படித்தவர்களே இன்னும் வாதாடுகிறார்கள். நான் பவுடருக்கு எதிரி இல்லை. இரண்டும் ஒன்று என்று யாராவது அடித்துச் சொன்னால்தான் வாயைத் திறப்பேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கிளினிக் வளர்ந்தது. அல் குசைஸில் புதுக் கட்டிடத்துக்கு மாறினோம். ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமம் சளிக்காய்ச்சலுக்கான எங்கள் கஷாயப் பைகளை மொத்தமாக வாங்க ஒப்பந்தம் போட்டது. அதற்காகப் பானைகள் போய், வெளிநாட்டிலிருந்து பளபளவென்று எஃகு இயந்திரம் வந்தது. மூலிகைகளைத் துணிப்பையில் கட்டி உள்ளே வைத்து மூடினால் போதும். குழாய் வழியாகத் தண்ணீர் தானே நிரம்பும், ஒரு மணி நேரம் தானே ஊற வைக்கும், தானே கொதிக்க வைக்கும். மனிதக் கைக்கு மிச்சமிருந்த வேலை எடை போடுவது ஒன்றுதான். அந்தத் தராசு என் கையில்.

குழுமம் மாதம் ஒரு பையை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பும். கஷாயத்தில் தலைமைச் சரக்கு அந்த மஞ்சள் வேர். அதன் சத்துக்குப் பைக்கலின் என்று பெயர். ஒரு பையில் இவ்வளவாவது பைக்கலின் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். டிசம்பரில் ஆரம்பித்தோம், மே வரை எல்லா மாதமும் தாராளமாகத் தேறினோம். ஜூனில் விளிம்பில் தப்பினோம். ஜூலை அறிக்கை வந்தபோது பாதிகூட இல்லை. ஏதோ தவறு என்று ஆகஸ்டில் திரும்ப அனுப்பினார்கள். அதுவும் பாதிகூட இல்லை.

பாதிதான் இருக்கிறது என்றால் யாருக்கும் முதலில் என்ன தோன்றும்? பாதிதான் போட்டிருக்கிறார்கள் என்று.

மேனேஜர் சுரேந்தர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். சென்னைக்காரர், வயதில் எனக்குத் தம்பி மாதிரி, மரியாதை தெரிந்தவர். அந்த மரியாதைதான் அன்று அதிகமாகக் குத்தியது. லியூ மேடமும் அங்கே இருந்தார்.

"மேடம், நான் உங்களத் தப்பா சொல்லல. ஆனா லேப் எதுக்குப் பொய் சொல்லப் போகுது? எடை போடறது நீங்க."

"எடைச் சீட்டு ஒவ்வொண்ணும் ஃபைல்ல இருக்கு, சார். பாருங்க."

"பாத்தேன். சீட்டு சரியாதான் இருக்கு. சீட்டு வந்தப்புறம் பைக்குள்ளேருந்து ரெண்டு கை அள்ளி வெளிய வைக்க எவ்ளோ நேரமாகும், சொல்லுங்க?"

 அவர் மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து என் முன் வைத்தார்.

"எடை போடும்போது தவறு நடந்துடுச்சு, பொறுப்பு என்னோடதுன்னு நாலு வரி எழுதிக் குடுத்துடுங்க. அமைதியா விசாவ கேன்சல் பண்ணி அனுப்பிடறோம். அர்பாபும் அதுக்கு ஒத்துக்கிட்டார். இல்லேன்னா குழுமமே கேஸ் போடும். பத்து நாள் டைம் எடுத்துக்கோங்க."

அர்பாப் என்பது எங்கள் முதலாளி. இந்த ஊர்க்காரர்.

"களவாண்டேன்னு நானே எழுதித் தரணுமா, சார்? என் கையால?"

அவர் தாளை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். நான் லியூ மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வார்த்தை. எனக்காக ஒரே ஒரு வார்த்தை. அவர் கையில் இருந்த டைமரையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று எனக்கு மேனேஜர்மேல் வந்த கோபத்தைவிட அவர்மேல் வந்த கோபம்தான் பெரிது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். சொல்வது சுலபம். மகன் கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். அதைவிட, இத்தனை வருடம் ஒரு கிராம் கூடாமல் குறையாமல் நிறுத்த கை இது. திருடி என்ற பெயரோடு விமானம் ஏறினால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊரில் இறங்குவேன்? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வேலைக்கு மட்டும் போனேன். என் தராசை இன்னொருவர் தொட நான் விடவில்லை.

அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். காய்ச்சுவதற்கு முன் இயந்திரத்தை நிறுத்தி, இடுக்கியால் எடுத்துத் தட்டில் நீர் வடியவிட்ட ஒரு துணிப்பையைப் பிரித்துப் பார்த்த லியூ மேடம், ஊறிய மஞ்சள் வேர்த் துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரமெல்லாம் பச்சை பாரித்திருந்தது. "யெல்லோ குட். க்ரீன், மெடிசின் மாஃபி" என்று முணுமுணுத்தார். மருந்து இல்லை என்கிறார். வேர் கப்பலில் வெந்து கெட்டுவிட்டது என்று அவர் நினைத்தார். உலர்ந்த வேரை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தார். நல்ல வேர், சத்து நிறைய இருக்கிறது என்று பதில் வந்தது. அதுவும் எனக்கு எதிராகவே போய் முடிந்தது. வேர் நல்லது, இயந்திரம் புதியது, அப்படியானால் தராசுக்காரிதானே மிச்சம்?

ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச்சில் பூசைக்குப் போகக் குளிக்கப் போனேன். அப்போது அல் குசைஸிலேயே நான்கு பெண்கள் ஒரு ரூமில் இருந்தோம். வெயில் காலத்தில் நாங்கள் குளிப்பது அணைத்து வைத்த கீசரின் தண்ணீரில். சிவப்புக் குறி போட்ட குழாயைத் திறந்தேன். கொதிக்கிற வெந்நீர் தோளில் விழுந்தது.

"எவட்டி கீசர ஆன் பண்ணுனது!" என்று நான் போட்ட சத்தத்தில் மூன்று பேரும் ஓடி வந்துவிட்டார்கள்.

செல்வி பயந்து போய் நின்றாள். தென்காசிப் பெண், சூப்பர் மார்க்கெட்டில் வேலை, வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. "எக்கா, நாந்தான். பைப்பத் தொறந்தா வெந்நியாட்டுக் கொட்டுச்சு. யாரோ கீசர ஆஃப் பண்ண மறந்துட்டாவன்னு நெனச்சு சுவிட்ச அமுக்குனேன்."

"அது ஆஃப்லதான் கெடந்துச்சு, கழுத! நீ அமுக்கி ஆன் பண்ணிட்ட."

"பொறவு எப்படிக்கா வெந்நி வருது?"

துண்டைச் சுற்றிக்கொண்டு அவளுக்கு விளக்கினேன். "மொட்ட மாடி டேங்க்ல வெயில்ல கெடந்த தண்ணி நேரா பைப்புக்கு வருது. அதான் சுடுது. கீசருக்குள்ள கெடக்குற தண்ணி ரூமுக்குள்ள ஏசில கெடந்து ஆறிப் போகும். அதனால வெயில் காலத்துல கீசர ஆஃப் பண்ணிட்டு, கீசர் தண்ணியிலதான் குளிக்கணும். இந்த ஊருல எல்லாம் தலகீழு."

சொல்லி முடிக்கவில்லை, அப்படியே நின்றுவிட்டேன். தேரா வில்லாவில் நாங்கள் ஊற வைத்தது கேன் தண்ணீரில். அது நாள் முழுக்க ஏசி அறையில் நின்ற தண்ணீர். புது இயந்திரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மொட்டை மாடியிலிருந்து, ஃபில்டர் வழியாக, நேராக. மூடி போட்ட இயந்திரம். அந்தத் தண்ணீரில் இயந்திரம் வந்த நாள் முதல் ஒருவரும் விரலை நனைத்ததில்லை. நாங்கள் அதைச் சோதித்துப் பார்த்ததெல்லாம் டிசம்பர் குளிரில்.

பூசையில் அன்று என் மனம் இல்லை, ஆண்டவர் மன்னித்திருப்பார்.

திங்கள் காலை முதல் ஆளாகக் கஷாய அறைக்குப் போனேன். இயந்திரத்தின் மூடியைத் திறந்து வைத்துத் தண்ணீரை மட்டும் நிரப்பினேன். கையை விட்டேன். சுடுகிறது. தெர்மாமீட்டரை விட்டேன். நாற்பத்தெட்டு. காலை ஏழு மணிக்கே நாற்பத்தெட்டு. லியூ மேடம் உள்ளே வந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீருக்குள் வைத்தேன். அதுவரை அவர் கையை நான் தொட்டதே கிடையாது.

அவர் கையை எடுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் வாழ்நாளில் அவர் பேசி நான் கேட்ட மிக நீண்ட பேச்சைப் பேசினார். அந்த மஞ்சள் வேருக்குள்ளேயே ஒரு நொதி இருக்கிறது, வேர் ஈரப்பட்டால் அது விழித்துக்கொண்டு பைக்கலினை உடைக்கும், உடைந்தது காற்றுப் பட்டுப் பச்சையாகும். அவர் அதை எனக்குச் சொன்ன விதம் இது: "இன்சைட், ஸ்மால் ஒர்க்கர். கோல்டு வாட்டர், ஒர்க்கர் ஸ்லீப். பாயிலிங் வாட்டர், ஒர்க்கர் டெட். திஸ் வாட்டர், ஓ ஜெசி, ஒர்க்கர் வெரி ஹேப்பி."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பால் உறைய வெதுவெதுப்பு வேண்டும், ஐஸிலும் உறையாது, கொதியிலும் உறையாது. அதே கதை. கோடை மதியத்தில் வெளிவேலை கூடாது என்று இந்த ஊரில் சட்டம் இருக்கிறது, அது மனிதர்களுக்கு. இந்த ஒரு தொழிலாளி மட்டும் நாங்கள் ஓடவிட்ட வெந்நீரில் ஒரு மணி நேரம் ஓவர்டைம் பார்த்துப் பாதி மருந்தைத் தின்று தீர்த்திருக்கிறது. சிலர் வேரை ஆவியில் வேகவைத்த பிறகே நறுக்குவார்கள், அதில் இந்தத் தொல்லை இல்லை. எங்களுக்கு வந்தது வேகவைக்காமல் நறுக்கியது. பச்சை நிறம் லியூ மேடத்துக்குத் தெரிந்திருந்தது, சுடுதண்ணீர் எனக்குத் தெரிந்திருந்தது. இருவரும் பேசாமல் முறைத்துக்கொண்டு ஒரு வாரத்தை வீணாக்கியிருந்தோம்.

மேனேஜரிடம் சொன்னேன். நெற்றியைச் சுருக்கினார். "தண்ணியா? தண்ணி எப்படி மேடம் மருந்தத் திருடும்?"

"அர்பாபக் கூப்பிடுங்க சார். உங்க ரெண்டு பேரு கண்ணு முன்னாலயே காட்டுதேன். ஆனா ஒண்ணு, இன்னைக்குத் தராச நான் தொட மாட்டேன். நீங்கதான் நிறுக்கணும்."

புதன்கிழமை அர்பாப் வந்தார். லியூ மேடத்தின் இரண்டு பானைகளை நினைத்துக்கொண்டு இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள் வைத்தேன். சுரேந்தர் சார் ஒரே மூட்டையிலிருந்து மஞ்சள் வேரை எடுத்து, தன் கையாலேயே இரண்டு பங்காக ஒரே எடைக்கு நிறுத்துப் போட்டார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். முதல் கிண்ணத்தில் இயந்திரக் குழாய்த் தண்ணீர். இரண்டாவதற்கு, கை கழுவும் இடத்தில் இருந்த கீசரை முந்தின நாளே அணைத்து வைத்திருந்தேன், அந்தத் தண்ணீர். லியூ மேடம் டைமரைத் திருகி மேசைமேல் வைத்தார்.

அந்த ஒரு மணி நேரம் மாதிரி ஒன்றை நான் கழித்ததில்லை. அர்பாப் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் வரை இரண்டும் ஒரே மாதிரி மஞ்சளாகத்தான் இருந்தன. சுரேந்தர் சார் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.  பிறகு முதல் கிண்ணத்தில் ஒரு துண்டின் விளிம்பு லேசாக மங்கியது. அடுத்த துண்டு. அப்புறம் தண்ணீரே கலங்கியது. டைமர் அடித்தபோது முதல் கிண்ணம் கம்மாய்ப் பாசி நிறத்தில் கிடந்தது. இரண்டாவதில் வேர் மஞ்சளாகவே இருந்தது.

அர்பாப் எழுந்து வந்து இரண்டு கிண்ணத்திலும் விரலை விட்டார். முதல் கிண்ணத்தில் விரல் பட்டதும் ஒரு கணம் நின்று, வாய்விட்டுச் சிரித்தார். "என் அம்மா வீட்டிலும் கோடையில் கீசரை அணைத்துத்தான் குளிப்போம்" என்று இந்தியில் சொன்னார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "இதைக் கண்டுபிடிக்க இந்த அம்மா தேவைப்பட்டிருக்கிறார்" என்றார். எனக்கு இந்தி நன்றாகத் தெரியும். ஆனாலும் இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்றிருந்தது.

கண்ணால் பார்த்தது ஒப்பந்தத்துக்குப் போதாது. இரண்டு கிண்ணத்தையும் இரண்டு பானையில் ஒரே நேரம் காய்ச்சி, பையில் அடைத்து, சுரேந்தர் சாரே முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். எனக்குக் கொடுத்த பத்து நாளும் முடிந்தது. தாளை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அதற்கடுத்த திங்கள் அறிக்கை வந்தது. முதல் பை ஜூலையைப் போலவே தோல்வி. இரண்டாவது பை மே மாதத்தைப் போலவே தேறியிருந்தது. ஒரே மூட்டை, ஒரே எடை, நிறுத்தது மேனேஜர். இனி யாரைத் திருடி என்று சொல்ல முடியும்?

சுரேந்தர் சார் அறிக்கையை எடுத்துக்கொண்டு கஷாய அறைக்கே வந்தார். கதவருகில் நின்று, "மேடம், மன்னிச்சுக்கோங்க. நான் அந்த மாதிரி பேசியிருக்கக் கூடாது" என்றார்.  நல்ல மனிதர்தான், ஆத்திரத்தில் புத்தி மட்டானவர் என்று அப்போதே மன்னித்துவிட்டேன். ஆனால் சும்மா விட்டுவிட மனமில்லை.

"சார், நீங்க ஒரு தாள் குடுத்தீங்களே, எழுதித் தரச் சொல்லி. இருங்க, இப்ப எழுதித் தாரேன்."

கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். மடிப்பு விழுந்து கசங்கியிருந்தது. மேசையில் வைத்து நீவிவிட்டு, ஆங்கிலத்திலும் அதன் கீழே தமிழிலும் நான்கு வரி எழுதினேன். மே முதல் அக்டோபர் வரை ஊற வைக்க மாடித் தண்ணீர் ஆகாது. கீசரை அணைத்து, அதில் ஆறிய தண்ணீரையே விட வேண்டும். விடுவதற்கு முன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஊறிய வேர் பச்சையாக இருந்தால் காய்ச்சக் கூடாது.

நான் எழுதி நிமிர்ந்தபோது லியூ மேடம் தன் கோட்டுக்குள் கையை விட்டு இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்தார். அதுவும் நான்காக மடிந்து, கசங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுரேந்தர் சார்தான் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க வெளிய போனதும் இவங்க ஒரு பேப்பர் கேட்டாங்க மேடம். 'என் நாக்கு ஓகே சொல்லாம ஒரு பையும் வெளிய போகல. ஜெசி திருடினா நானும் திருடினேன், ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதறோம்'னாங்க. நான் எவ்வளவோ சொல்லியும் கேக்காம வாங்கிட்டுப் போனாங்க."

என் கண் நிறைந்துவிட்டது. இவரையா நான் இத்தனை நாளாக மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன்! அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. என் நான்கு வரியைச் சீனத்தில் தன் தாளில் எழுதி முடித்து, இரண்டு தாளையும் சேர்த்து மேனேஜர் முன் தள்ளினார்.

"யூ சைன்" என்றார்.

சுரேந்தர் சார் பேனாவை எடுத்து இரண்டிலும் கையெழுத்துப் போட்டார், மறுநாளே கண்ணாடிச் சட்டம் போட்டுக் கஷாய அறைச் சுவரில் மாட்டினார். அதன்பிறகு ஒரு கோடையில்கூட நாங்கள் தோற்றதில்லை. குழுமம் ஒப்பந்தத்தை நீட்டித்தது. கையெழுத்துப் போட்ட அன்று மாலை முதல் தொகுதி கீசர் தண்ணீரில் ஊறிக் கொதித்து இறங்கியபோது, லியூ மேடம் கரண்டியைக் கையில் எடுத்தார், பிறகு என்னிடம் நீட்டினார். நான் நாக்கில் வைத்துக் கண்ணை மூடினேன். திறந்து, "ஓகே" என்றேன்.

ஆகவே பவித்ரா, திருடி என்று என்னை எழுதச் சொல்லிக் கொடுத்த தாள் ஒன்று, என்னோடு சேர்ந்து எழுத லியூ மேடம் கேட்டு வாங்கிய தாள் மற்றது. பெயிண்டரிடம் சொல், அவற்றைச் சுற்றி அடிக்கட்டும்.